ஃபேரர் பார்க்கில் பிரிந்த வழிகள்

1942 பிப்ரவரி 15 மாலை, சிங்கப்பூரின் புக்கிட் தீமா பகுதியில் இருந்த ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சரணடைந்தார். ஒரே கொடியின்கீழ் போரிட்ட படை, இரண்டே நாளில் இன வாரியாகப் பிரிக்கப்பட்டது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்கள் தீவின் கிழக்கு முனையிலுள்ள சாங்கிக்கு நடத்திச் செல்லப்பட்டனர். இந்தியச் சிப்பாய்கள் 17ஆம் தேதி ஃபேரர் பார்க் மைதானத்தில் கூட வேண்டும் என்று உத்தரவு வந்தது. சுமார் 40,000 பேர் திரண்டனர்.

அங்கே பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களைச் சுருக்கமாக ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். அடுத்து மேஜர் ஃபுஜிவாரா ஜப்பானிய மொழியில் பேச, அது ஆங்கிலத்திலும் பின்பு இந்துஸ்தானியிலும் பெயர்த்துச் சொல்லப்பட்டது. இந்திய விடுதலைக்காக ஒரு படை, அதாவது இந்திய தேசிய ராணுவம் (ஐ.என்.ஏ.), அமையும் என்பதே பேச்சின் சாரம். வடமலாயாவில் முன்பே பிடிபட்டிருந்த கேப்டன் மோகன் சிங், அந்தப் படையில் சேருமாறு அழைத்தார். ஊரும் உறவும் கடலுக்கு அப்பால் இருக்க, கேட்டுப் பார்க்க ஆளில்லாத நிலையில் ஒவ்வொரு சிப்பாயும் தன் வழியைத் தானே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

சேர்ந்தவர்களைக் கொண்டு அவ்வாண்டு செப்டம்பரில் சுமார் 16,000 பேர் கொண்ட டிவிஷன் உருவானது. ஜப்பானியரோடு எழுந்த பிணக்கில் மோகன் சிங் டிசம்பரில் கைதாக, படை கலைந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்றபின் அது மீண்டும் உயிர்பெற்றது. மலாயாவின் ரப்பர் தோட்டத் தமிழர்கள் பெருமளவில் சேர்ந்தனர். சேர மறுத்த போர்க்கைதிகள் பலர் நியூ கினி வரை கூலி வேலைக்கு அனுப்பப்பட்டு, பசியிலும் நோயிலும் மடிந்தனர். சாங்கியிலிருந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் சயாம்–பர்மா ரயில்பாதைப் பணிக்குப் போயினர். 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதை 12,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகளைப் பலிகொண்டது. அதே பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரம்.

நிறுவனங்களின் விதியும் அப்படியே புரண்டது. உயிர் காக்க வேண்டிய அலெக்சாண்ட்ரா ராணுவ மருத்துவமனைக்குள் பிப்ரவரி 14 அன்று புகுந்த ஜப்பானியச் சிப்பாய்கள் நோயாளிகளையும் ஊழியர்களையும் கொன்றனர். அறுவை மேசையில் கிடந்தவருக்கும் தப்ப வழியில்லை. குற்றவாளிகளுக்காக 1936இல் கட்டப்பட்ட சாங்கிச் சிறையில் ஐரோப்பியக் குடிமக்கள் குடும்பத்தோடு அடைக்கப்பட்டனர். ராஃபிள்ஸ் அருங்காட்சியகம் மட்டும் தப்பியது. பெயர் மாறினாலும், ஜப்பானிய அறிஞர்களும் காவலில் இருந்த பிரிட்டிஷ் அறிஞர்களும் சேர்ந்து அதன் சேகரிப்புகளைச் சூறையிலிருந்து காத்தனர்.

போர் முடிந்தபின்னும் சிப்பாயின் நிலை தெளியவில்லை. 1945 நவம்பரில் தில்லி செங்கோட்டையில் ஐ.என்.ஏ. அதிகாரிகள் ஷா நவாஸ் கான், பிரேம் சகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகியோர் அரசருக்கு எதிராகப் போர் தொடுத்ததாக விசாரிக்கப்பட்டனர். நாடெங்கும் மக்கள் கொதித்தெழுந்தனர். மூவருக்கும் விதிக்கப்பட்ட நாடுகடத்தல் தண்டனையைத் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் 1946 ஜனவரியில் ரத்து செய்தார். ஆயினும் சுதந்திர இந்தியா ஐ.என்.ஏ.வினரை ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. 1972இல் தொடங்கிய தியாகிகள் ஓய்வூதியம் ஐ.என்.ஏ. வீரர்களுக்கும் வழங்கப்பட்டது. முப்பது ஆண்டுக்குள் ஒரே மனிதர் சிப்பாய், கைதி, துரோகி, தியாகி என்று நான்கு பெயர் சுமந்தார்.

சிங்கப்பூரில் இன்று இரண்டு நினைவிடங்கள் இந்தப் பிரிந்த வழிகளைச் சொல்கின்றன. கிராஞ்சிக் கல்லறைத் தோட்டத்துச் சுவர்களில், கல்லறைகூட இல்லாத 24,000க்கும் மேற்பட்ட நேசநாட்டு வீரர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன; இந்தியப் பெயர்கள் அவற்றில் ஏராளம். எஸ்பிளனேடில் 1945 ஜூலையில் போஸ் அடிக்கல் நாட்டிய ஐ.என்.ஏ. நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷ் ராணுவம் நேசநாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் ஆணைப்படி தகர்த்தது. அது நின்ற இடத்தில் 1995இல் ஒரு நினைவுப் பலகை வைக்கப்பட்டது. ஃபேரர் பார்க்கில் தோளோடு தோள் நின்றவர்கள் இந்த இரண்டு இடங்களிலும் நினைக்கப்படுகிறார்கள்.