எடை குறையாவிட்டாலும் நடை ஏன் பலன் தருகிறது?

மரக்காணம் உப்பளத்தில் நீளக் கழி பூட்டிய பலகையால் உப்பை வரப்போரம் இழுத்துச் சேர்ப்பவரின் தொடை, முதுகு, தோள் எல்லாமே ஒருசேர உழைக்கின்றன. அந்தத் தசைகளுக்கு ரத்தத்திலிருந்து சர்க்கரை எப்படிப் போகிறது?

சும்மா உட்கார்ந்திருக்கும்போது இன்சுலின் வந்து தட்டினால்தான் தசைச் செல் கதவைத் திறக்கும். குளுட்-4 என்ற புரதம்தான் அந்தக் கதவு. உப்பை இழுக்கும்போதும் சரி, நடக்கும்போதும் சரி, தசை சுருங்கி விரிந்தால் இன்சுலின் தட்டாமலே அது செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. நடையை நிறுத்திய பிறகும் பல மணி நேரத்துக்குத் தசை இன்சுலினுக்கு நன்றாக இணங்கும்.

சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டது. தினம் அரை மணி நேர நடையும் உணவுக் கட்டுப்பாடும் நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. இத்தனைக்கும் அவர்கள் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை! எடை மெஷினை மட்டும் பார்த்துச் சோர்ந்து போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உடனே உப்பளத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். உச்சி வெயிலில் உப்பு வாருவது உடலை வற்றவைக்கும் கூலி உழைப்பு, உடற்பயிற்சி அல்ல. மிதமான பயிற்சி என்றால் மூச்சு சற்று வாங்க வேண்டும். பேச முடியும், பாட முடியாது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். பயிற்சியால் கூடிய இன்சுலின் இணக்கம் ஓரிரு நாளில் தேய்ந்துவிடும். ஆகவே மொத்தத்தையும் ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் முடிப்பதைவிட, நாளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து நடப்பது மேல்.