சோற்றின் பதம்: விதையில் பாதி, களத்தில் பாதி

தடப்பள்ளி வாய்க்கால் பாசனமோ, காளிங்கராயன் வாய்க்கால் பாசனமோ, நாற்று விடும் முன் நாம் கேட்பது இரண்டு கேள்விதான். எத்தனை நாள் வயது? ஏக்கருக்கு எத்தனை மூட்டை? சோறு எப்படி இருக்கும் என்று கேட்பதில்லை. ஆனால் வாங்க வரும் வியாபாரி முதலில் ரகத்தின் பெயரைத்தான் கேட்கிறார்; சோற்றின் பதத்தை வைத்தே விலை சொல்கிறார்.

உதிரியா, குழைவா?

ஒரே உலை, ஒரே அளவு தண்ணீர். ஓர் அரிசி உதிரியாக வேகிறது, இன்னொன்று குழைகிறது. அரிசி மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என இரு வகை உண்டு. அமைலோஸ் 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சோறு உதிரியாக நிறைய காணும், ஆறினால் விறைத்துவிடும். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒட்டும். 20 முதல் 25 வரை உள்ள அரிசி உதிரியாகவும் இருக்கும், ஆறிய பிறகும் மெத்தென்று இருக்கும். சாப்பாட்டு அரிசிக்கு நாம் விரும்பும் பதம் இதுதான். இட்லிக்குத் தேவை வேறு; அதற்கு ஏடிடி 37 போன்ற குண்டு அரிசி தேடப்படுகிறது.

அமைலோஸ் ஒன்றாக இருந்தாலும், அரிசி வேகத் தேவையான சூடு ரகத்துக்கு ரகம் மாறும். இதை அறிய, 1.7 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அரிசியை 23 மணி நேரம் ஊறவைத்து, எவ்வளவு கரைகிறது என்று ஆய்வகத்தில் பார்க்கிறார்கள். எளிதில் கரையும் அரிசி குறைந்த சூட்டிலேயே வெந்துவிடும்.

கோவையின் பங்கு

கோவை நெல் இனப்பெருக்க நிலையம் 1912இல் தொடங்கப்பட்டது. இங்கிருந்து 1921இல் வெளிவந்த ஜிஇபி 24, சன்ன அரிசிக்கும் சோற்றுச் சுவைக்கும் பேர்பெற்றது. ஆந்திராவின் பாபட்லாவில் உருவான சம்பா மசூரி எனும் பிபிடி 5204இன் மூதாதைகளில் அதுவும் ஒன்று. அந்த பிபிடி 5204ஐப் பெற்றோராகக் கொண்டு கோவையில் உருவாகி, 2017இல் வந்ததே கோ 52. நூறாண்டு சுவை அப்படித் திரும்பி வந்திருக்கிறது.

உங்கள் கையில் உள்ளது

நல்ல ரகமும் களத்தில் கெடும். பால் பிடிக்கும் பருவத்தில் இரவு வெப்பம் கூடினால் அரிசியில் வெள்ளை வயிறு விழும்; ஆலையில் அது எளிதில் நொறுங்கும். வெயில் காலத்தில் கதிர் வராதபடி நடவுப் பட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மணியில் ஈரப்பதம் 20 முதல் 22 சதவீதம் இருக்கும்போதே அறுத்துவிடுங்கள். முற்றிக் காய்ந்த பயிரில் மணிக்குள் வெடிப்பு விழும். தார்ச்சாலையில் கடும் வெயிலில் ஒரேயடியாகக் காயவைத்தாலும் அப்படித்தான். களத்தில் பரப்பி, அடிக்கடி கிளறி, 12 முதல் 13 சதவீதம் வரும்வரை நிதானமாகக் காயவையுங்கள். வெடித்த மணி ஆலையில் குருணையாகும். குருணை முந்தி வெந்து கஞ்சியைத் தடிக்கவைத்து, சோற்றையும் குழைத்துவிடும்.

புது நெல் அரிசி குழையத்தான் செய்யும். சில மாதம் இருப்பு வைத்தால் அதிகத் தண்ணீர் பிடித்து உதிரியாக வேகும்.

அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கும் முன், அந்த ரகத்தின் பழைய அரிசி ஒரு படி கேட்டு வாங்குங்கள். மதியம் உங்கள் வீட்டுப் பானையில் வடித்துச் சாப்பிடுங்கள். மீதியை மூடி வைத்து, காலையில் தொட்டுப் பாருங்கள். விறைத்திருக்கிறதா, மெத்தென்று இருக்கிறதா? அந்தப் பதிலோடு விதைக்கடைக்குப் போங்கள்.