மோட்டார்ஹோமுக்கு ஸ்டியரிங் ஸ்டெபிலைசர்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவின் வையோமிங் மாநிலத்தில், லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடைப்பட்ட ஐ-80 நெடுஞ்சாலை காற்றுக்குப் பேர்போனது. காற்று மிஞ்சினால் எடை குறைந்த, உயரமான வண்டிகளை அந்தப் பாதையில் விடவே மாட்டார்கள். காற்று அவ்வளவு இல்லாத நாளிலும் அங்கே முப்பதடி மோட்டார்ஹோம் ஓட்டினால் தோள்பட்டை கழன்றுவிடும். ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கை எடுத்துத் தண்ணீர் குடிக்கக்கூட மனம் வராது.

இந்தத் தொல்லையைச் சொல்லிக் கடைக்குப் போனால் முதலில் எடுத்துக் காட்டுவது, முன்சக்கரங்கள் சட்டென்று அசையாமல் பிடிக்கும் ஸ்டியரிங் ஸ்டெபிலைசரைத்தான். சில நூறு டாலர் ஆகும். நல்ல கருவிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வண்டி எதனால் அலைகிறது என்று பார்க்காமல் இதை மாட்டுவது தவறு. தேய்ந்துபோன பாகம் தரும் எச்சரிக்கையை இது கையில் படாமல் மறைத்துவிடும்.

அலைச்சலுக்குக் காரணங்கள் பல. பெட்ரோலில் ஓடும் பெரிய ஏ வகை மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவை ஃபோர்டின் எஃப்-53 சேசிஸ் மேல் கட்டப்பட்டவை. லாரிக்கு இருப்பதுபோல் முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். அதன் மேல் சுவர்போல உயர்ந்து நிற்கும் வீடு. பின் அச்சுக்குப் பின்னால் உடல் வெகுதூரம் நீண்டிருக்கும். ஒரு பெரிய லாரி பின்னாலிருந்து வந்து முந்தும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். லாரியின் மூக்கு ஒதுக்கித் தள்ளும் காற்று முதலில் உங்கள் வண்டியின் வாலில் மோதும். வால் வெளிப்பக்கம் போகும். அதனால் முகப்பு லாரி இருக்கும் பக்கமே திரும்பப் பார்க்கும். நீங்கள் எதிர்ப்பக்கம் திருத்துவீர்கள். அதற்குள் காற்று முகப்பு வரை வந்து தள்ளும். லாரி கடந்து போகும்போது அதன் பக்கவாட்டில் அழுத்தம் குறைந்து உங்களை உள்ளே இழுக்கும். இத்தனையும் சில நொடிகளில் நடந்து முடியும். இதில் வால் அசைவதை முன்சக்கரத்தில் மாட்டும் எந்தக் கருவியாலும் நிறுத்த முடியாது. உடலுக்கும் பின் அச்சுக்கும் குறுக்கே பொருத்தும் டிராக் பார் என்ற கம்பிதான் அதற்குச் சரியான பதில்.

ஆகவே முதல் வேலை, எடை பார்ப்பது. நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் எடைமேடையில் முன் அச்சு, பின் அச்சு எடையைத் தனித்தனியாகத் தந்துவிடுவார்கள். தண்ணீர் நிரப்பி, சாமான் ஏற்றி, பயணத்துக்குப் போகும் நிலையிலேயே நிறுத்துங்கள். ஒரு கேலன் தண்ணீர் சுமார் 8.3 பவுண்டு; 60 கேலன் தொட்டி என்றால் ஏறத்தாழ 500 பவுண்டு. அந்தத் தொட்டி பின் அச்சுக்கு 8 அடி பின்னால் இருந்து, இரண்டு அச்சுக்கும் இடையே 16 அடி தூரம் இருந்தால், நெம்பிவிட்டதுபோல முன் அச்சிலிருந்து 250 பவுண்டு குறைந்துவிடும். முன்சக்கரத்தில் பாரம் இல்லாவிட்டால் ஸ்டியரிங் எப்படி நேரே நிற்கும்? பின்பெட்டியில் அடுக்கிய கருவிகளையும் டப்பாக்களையும் முன்னுக்குக் கொண்டுவந்தாலே சில வண்டிகள் அடங்கிவிடும்.

எடை தெரிந்த பிறகு டயர் காற்று. டயர் நிறுவனங்கள் எந்த எடைக்கு எவ்வளவு காற்று என்று அட்டவணை வெளியிடுகின்றன. ஒரே அச்சில் எந்தப் பக்கம் பாரம் அதிகமோ அந்த அளவையே இரண்டு பக்கத்துக்கும் வையுங்கள். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது, டயர் தாங்கும் உச்சபட்ச பாரத்துக்கு வேண்டிய காற்று. பாரம் அவ்வளவு இல்லாதபோதும் அதையே அடித்துவிட்டு, வண்டி சாலையில் வழுக்கிக்கொண்டு போகிறது என்று புலம்புபவர்கள் நிறைய. குறைத்து அடிப்பது அதைவிட மோசம். டயர் சூடேறி வெடிக்கும்.

மூன்றாவது வீல் அலைன்மென்ட். சேசிஸ் தொழிற்சாலையில் செய்த அலைன்மென்ட், மேலே வீடு கட்டப்படுவதற்கு முந்தியது. அதனால் பாரம் ஏற்றிய நிலையில் மறுபடி செய்ய வேண்டும். பட்டறையில் காஸ்டர் கோணத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதே அது. சாய்வு போதிய அளவில் இருந்தால் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வரும். வேன் முகப்புள்ள சி வகை மோட்டார்ஹோம்களுக்கு அடித்தளமான ஃபோர்டு இ-450இல் இதைச் சரிசெய்ய மேல் பால் ஜாயின்ட்டில் உள்ள புஷ்ஷையே மாற்ற வேண்டியிருக்கும். சில பட்டறைகள் அந்தச் சிரமம் வேண்டாமென்று டோ அளவை (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பதை) மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவதுண்டு. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டியது. சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் சிறிது சிறிதாக ஆட்டட்டும். கீழே இருப்பவர் பிட்மன் ஆர்ம், டிராக் லிங்க், டை ராடு முனைகள் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒரு கம்பி நகர்ந்து, அடுத்தது நகராமல் ஒரு கணம் நின்று பின்தொடர்ந்தால் அந்த மூட்டு தேய்ந்துவிட்டது. பழைய ஷெவர்லே பி-30 சேசிஸில் பெல் கிராங்க் என்ற பாகம் இப்படித் தேய்வதற்குப் பேர்பெற்றது. எஃப்-53இன் பல மாடல்களில் ஸ்வே பாரின் முனையில் இரண்டு துளைகள் இருக்கும். இணைப்பை உள்துளைக்கு மாற்றினாலே உடல் சாய்வது குறைகிறது. அதற்குப் பைசா செலவில்லை.

இவ்வளவும் முடித்த பிறகும் கை ஓயவில்லை என்றால் ஸ்டெபிலைசர் வாங்கலாம். மூன்று விதம் உண்டு. முதலாவது வெறும் ஹைட்ராலிக் டேம்பர். பில்ஸ்டைன் போன்றவர்கள் தயாரிப்பது. சக்கரம் சட்டென்று அசைவதை எண்ணெய் தடுக்கும், ஆனால் நடுவுக்குத் திருப்பிக் கொண்டுவராது. குழியில் இறங்கியபின் ஸ்டியரிங் உதறுகிறதென்றால் இதுவே போதும். பல சேசிஸ்களில் தொழிற்சாலையிலேயே ஒன்று மாட்டித் தருகிறார்கள். அது எண்ணெய் கசிந்து செத்திருந்தால் புதிது மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது ஸ்பிரிங்கோடு சேர்ந்தது. சேஃப்-டி-பிளஸ், ரோட்மாஸ்டர் ரிஃப்ளெக்ஸ் எல்லாம் இந்த ரகம். அலுவலகக் கதவில் மாட்டியிருக்கும் டோர் குளோசரை நினைத்துக்கொள்ளுங்கள்: ஸ்பிரிங் பழைய இடத்துக்கு இழுக்கும், எண்ணெய் அதை நிதானமாகச் செய்யவைக்கும். பக்கக்காற்றில் நாள்முழுக்க ஓட்டிக் களைப்பவர்களுக்கு நான் சொல்வது இந்த வகையைத்தான். ஆனால் ஸ்பிரிங் வண்டிக்கு மிஞ்சிய வலுவாக இருந்தால் வளைவுகளில் ஸ்டியரிங் கனக்கும். எடைக்கும் சேசிஸுக்கும் ஏற்ற மாடலைக் கேட்டு வாங்க வேண்டும். பெரியதாக இருக்கட்டும் என்று எடுக்கக் கூடாது.

மூன்றாவது, ஓட்டுநர் இருக்கையிலிருந்தே நடுநிலையை மாற்றிக்கொள்ளக்கூடியது. ப்ளூ ஆக்ஸ் நிறுவனத்தின் ட்ரூசென்டரில் ஒரு பொத்தான் இருக்கும். அமெரிக்கச் சாலைகள் மழைநீர் வடிய வலப்பக்க ஓரத்துக்குச் சரிந்திருக்கும். வண்டியும் அந்தப் பக்கமே இழுக்கும். காற்றும் மணிக்கணக்கில் ஒரே பக்கமிருந்து அடிக்கலாம். வண்டி நேராகப் போகும்படி ஸ்டியரிங்கைப் பிடித்து, பொத்தானை அழுத்தினால் அதுவே புதிய நடுநிலை. நீண்ட தூரம் அடிக்கடி போகிறவர்களுக்குக் கூடுதல் விலை தகும்; வருடத்துக்கு ஓரிரு முறை பக்கத்து முகாமுக்குப் போகிறவர்களுக்குத் தேவையில்லை.

பொருத்தியதும் ஸ்டியரிங்கை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்பிப் பாருங்கள். எந்தக் கோடியிலும் ஸ்டெபிலைசரின் தண்டு முட்டவோ, சக்கரம் முழுதாகத் திரும்புவதைத் தடுக்கவோ கூடாது. பிரேக் குழாயில் உரசக் கூடாது. பிடிமானக் கிளாம்பு டை ராடில் நழுவினால் நடுநிலையும் நழுவி, வண்டி ஒரு பக்கமே இழுக்கத் தொடங்கும். முதல் சில நூறு மைல் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

முன் டயர் வெடித்தால் காப்பாற்றும் என்று இவற்றைப் பற்றிச் சொல்வார்கள். ஸ்பிரிங் ரகம் அந்த இழுப்பை ஓரளவு எதிர்க்கும், உண்மைதான். ஆனால் அந்த நொடியில் பிரேக்கை மிதித்தால் எந்தக் கருவியும் போதாது. பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரை ஒரு கணம் அழுத்தி, வண்டியை நேர்ப்படுத்திய பின்பே மெல்ல வேகத்தைக் குறைக்க வேண்டும். மிஷெலின் நிறுவனம் மோட்டார்ஹோம் ஓட்டுநர்களுக்கென்று தயாரித்த பயிற்சிப் படத்திலும் இதைத்தான் சொல்கிறது. பழைய மோட்டார்ஹோம் வாங்குபவர்கள் டயரின் பக்கச்சுவரில் டாட் எழுத்துகளோடு வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2316 என்றால் 2016இன் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பள்ளம் தேயாமல் பளபளப்பாக இருந்தாலும் வயதாகிவிட்ட அந்த டயரை நம்பாதீர்கள்; ஸ்டெபிலைசருக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் முன் டயர் இரண்டையும் மாற்றிவிடுங்கள்.