சுமை நீங்கிய பின்னும் தொடரும் பயணம்: கிறித்தவ மரபில் கவலையும் சமாதானமும்

முன்னுரை

மனக்கவலையை மாற்றும் வழி எது என்பது சமயங்கள் அனைத்தும் எதிர்கொண்ட வினாவாகும். தனக்கு உவமை இல்லாதவன் தாளைச் சேர்ந்தார்க்கன்றி ஏனையோர்க்கு மனக்கவலையை மாற்றுதல் அரிது என்பது திருக்குறளின் 7ஆம் குறள் தரும் விடை. கிறித்தவ மரபும் இறைவனைச் சார்தலையே விடையாகக் கூறுகிறது. ஆயினும், அவ்வாறு சார்ந்தவர்க்குக் கவலை மீண்டும் வாராதா என்னும் கிளைவினா எழுகிறது. நம்பிக்கை உடையவரும் அஞ்சுகின்றனர். தம் அச்சத்தையே நம்பிக்கைக் குறைவாகக் கருதி மேலும் வருந்துகின்றனர். இச்சிக்கலுக்கு ஜான் பன்யனின் வாழ்வும், அவருடைய நூலைத் தழுவித் தமிழில் எழுந்த இரட்சணிய யாத்திரிகமும் தரும் விளக்கத்தை இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

1. சொற்பொருள் விளக்கம்

‘கவலை’ என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் கவர்த்த வழி, அதாவது பாதை பல கிளைகளாகப் பிரியும் இடம் என்னும் பொருளும் உண்டு. எவ்வழிச் செல்வது எனத் தெரியாமல் நிற்கும் வழிப்போக்கனின் நிலை, மனக்கவலையை விளக்குவதற்குப் பொருத்தமான படிமமாக அமைகிறது.

‘சமாதானம்’ என்னும் சொல்லும் நம் கவனத்திற்கு உரியது. பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு இச்சொல்லை ஆள்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமோ ‘அமைதி’ என்னும் சொல்லைப் பெரிதும் கையாள்கிறது. அமைதி என்பது ஓசையும் கலக்கமும் அடங்கிய நிலையைக் குறிக்கும். சமாதானம் என்பது பிணங்கிய இருவர் இணங்குதலையும், தருக்க நூல்களில் தடைக்குத் தரும் விடையையும் குறிக்கும். கிறித்தவ இறையியலில் மனிதன் இறைவனோடு ஒப்புரவாதலே முதற்செயல். உள்ளத்தின் அமைதி அதன் பயன். இவ்வகையில் பழைய சொல் ஓர் உறவையும் புதிய சொல் ஓர் உளநிலையையும் முன்னிறுத்துகின்றன எனலாம்.

புனித பவுல் சிறையிலிருந்து எழுதிய பிலிப்பியர் திருமுகத்தின் 4ஆம் அதிகாரம் இதற்குத் தக்க சான்றாகும். கவலைப்படாமல் வேண்டுதல்களை நன்றியோடு இறைவனிடம் தெரிவிக்குமாறு பவுல் கூறுகிறார். அவ்வாறு செய்வோரின் உள்ளத்தை, அறிவுக்கு எட்டாத இறைச் சமாதானம் காக்கும் என்கிறார். ‘காக்கும்’ என்பதற்குரிய கிரேக்கச் சொல், காவற்படை ஒரு நகரைக் காத்து நிற்பதைக் குறிப்பது. இடர் இருக்கும் இடத்தில்தான் காவல் தேவைப்படுகிறது. இங்கே பவுல் கூறுவது இடர் நீங்கும் என்பதன்று, இடரின் நடுவே காவல் உண்டு என்பதாகும்.

2. பன்யனின் அச்சம்

ஜான் பன்யன் (1628–1688) இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் ஊரில் பிறந்தவர். உலோகப் பாத்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழில் செய்தவர். 1666இல் வெளியான தம் தன்வரலாற்று நூலில் இளமையில் தம்மை வாட்டிய அச்சங்களை அவர் விரிவாகக் கூறுகிறார். தேவாலய மணியடிப்பதில் அவருக்கு விருப்பம் மிகுதி. அது வீண் இன்பம் எனத் தோன்றியதால் அதனை விட்டுவிட்டு, பிறர் அடிப்பதை மட்டும் பார்க்கச் சென்றார். மணி தலைமேல் விழுந்தால் என்ன செய்வது என அஞ்சி உத்தரத்தின் கீழே நின்றார். மணி சுவரில் மோதித் தம்மீது திரும்பினால் என்ன ஆகும் என அஞ்சிக் கோபுர வாயிலுக்கு நகர்ந்தார். இறுதியில் கோபுரமே சரிந்துவிடும் என அஞ்சி அங்கு நிற்கவும் இயலாதவரானார். ஒரு பாதுகாப்பைத் தேடியதும் அடுத்த அச்சம் பிறக்கும் இவ்வியல்பு, கவலையின் இயல்பை அறிந்தோர்க்குப் புதியதன்று. மன்னிக்க முடியாத பாவத்தைத் தாம் செய்துவிட்டதாக எண்ணி அவர் நெடுங்காலம் துன்புற்றார்.

அவருக்குச் சமாதானம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. பெட்ஃபோர்டில் ஒரு வீட்டு வாயிலில் வெயிலில் அமர்ந்து, இறைவன் தம் உள்ளத்தில் செய்ததைப் பேசிக்கொண்டிருந்த ஏழைப் பெண்கள் சிலரின் மகிழ்ச்சி முதலில் அவரை ஈர்த்தது. பின்னர், வயல்வெளியில் நடந்து செல்கையில் ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. தம்முடைய நீதி தமக்குள் இல்லை. அது விண்ணகத்தில் கிறித்துவாகவே இருக்கிறது. தம் மனநிலை நன்றாக இருக்கும்போது அது கூடுவதுமில்லை. மோசமாக இருக்கும்போது குறைவதுமில்லை. பன்யன் கண்ட சமாதானத்தின் அடிப்படை இதுவே எனக் கருதுகிறோம். அது மனநிலையைச் சார்ந்ததன்று; ஆதலால் மனநிலை மாறும்போது அழிவதுமில்லை.

3. சுமை விழுந்த பின்

அரசின் இசைவின்றிச் சமயவுரை ஆற்றியதற்காகப் பன்யன் 1660 முதல் 1672 வரை சிறையில் இருந்தார். இனி உரையாற்றுவதில்லை என உறுதியளித்திருந்தால் விடுதலை பெற்றிருக்கலாம். பார்வையற்ற தம் மகளைப் பிரிந்திருந்த துயரை அவர் மறைக்கவில்லை. அவருடைய புகழ்பெற்ற நூலாகிய ‘மோட்சப் பயணம்’ 1678இல் வெளிவந்தது.

அந்நூலில் முதுகில் சுமையோடு புறப்படும் பயணி சிலுவையைக் கண்டதும் சுமை தானே அவிழ்ந்து விழுகிறது. பலரும் நினைவில் கொள்வது இக்காட்சியையே. ஆயின், அது கதையின் தொடக்கப் பகுதியிலேயே நிகழ்கிறது. அதன்பின் இடர்மலையும் மரண நிழற் பள்ளத்தாக்கும் எதிர்ப்படுகின்றன. சந்தேகக் கோட்டையில் அவநம்பிக்கை என்னும் அரக்கனிடம் பயணியும் தோழனும் சிக்குகின்றனர். புதன் காலை முதல் சனி இரவு வரை உணவும் நீருமின்றிக் கிடக்கின்றனர். நள்ளிரவில் வேண்டுதல் செய்யத் தொடங்கிய பின், விடியுமுன் பயணிக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது: எப்பூட்டையும் திறக்கும் ‘வாக்குத்தத்தம்’ என்னும் திறவுகோல் தொடக்கம் முதலே அவன் மார்பில் இருந்தது. இறுதியில் மரண ஆற்றைக் கடக்கும்போதும் அவன் அஞ்சி அமிழ்கிறான். ‘நம்பிக்கை’ என்னும் தோழனே அவன் தலையைத் தாங்குகிறான்.

இதனால் இரண்டு கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, மீண்டும் வரும் அச்சம் முன்பு பெற்ற மீட்பைப் பொய்யாக்குவதில்லை. மற்றொன்று, சமாதானம் என்பது மறந்துபோன வாக்கை நினைவுகூர்வதாலும் தோழமையாலும் மீண்டும் மீண்டும் பெறப்படுவது.

4. தமிழில் இரட்சணிய யாத்திரிகம்

திருநெல்வேலிப் பகுதியில் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900), 1858இல் கிறித்தவரானார். கம்பராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். ‘கிறித்தவக் கம்பர்’ எனப் போற்றப்படுபவர். பன்யனின் கதையைத் தழுவி அவர் இயற்றிய காப்பியம் 1894இல் நூலாயிற்று.

இது நேர் மொழிபெயர்ப்பன்று. பன்யன் சிலுவைக் காட்சியைச் சில வரிகளில் முடித்துவிடுகிறார்; கிருஷ்ணபிள்ளையோ இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடுகிறார். ஆங்கில வாசகர்க்குச் சிலுவை அறிந்த செய்தி. தமிழ் வாசகர்க்கோ சுமை ஏன் விழுந்தது எனக் காட்ட வேண்டியிருந்தது. பயணியின் சுமையைத் தாங்கிய ஒருவரின் வரலாறு சொல்லப்பட்ட பின்னரே அவனது சமாதானம் பொருள்படுகிறது. மேலும், இடையிடையே ‘தேவாரம்’ என்னும் பெயரில் இசைப்பாடல்களையும் அவர் அமைத்துள்ளார். பக்தி மரபின் அடைக்கல உணர்வு இவற்றில் கிறித்தவப் பொருளுக்கு இடம் தருகிறது. சைவ வைணவப் பாடல்களில் பழகிய செவிக்கு இக்குரல் அந்நியமாக ஒலிப்பதில்லை.

5. வகுப்பறையில்

பல சமய மாணவர்கள் கூடியுள்ள நம் நாட்டு வகுப்பறைகளில் இப்பகுதியைக் கற்பிக்கும் ஆசிரியர் இருவகைப் பிழைகளைத் தவிர்த்தல் நலம். முதலாவது, சமயப் பொருளை ஒதுக்கி அணிநலனை மட்டும் கூறிச் செல்வது. சுமை எது, அதனை இறக்கியவர் யார் என்பதை விளக்காமல் இக்காப்பியத்தை விளக்க இயலாது. ஒரு நூலின் நம்பிக்கையை விளக்குவது அதனை ஏற்குமாறு வற்புறுத்துவதாகாது.

இரண்டாவது பிழை, நம்பிக்கை இருந்தால் கவலையே வராது எனக் கூறிவிடுவது. தேர்வுக் காலத்தில் உறக்கமின்றித் தவிக்கும் மாணவர் ஒருவருக்கு இச்சொல் மற்றொரு சுமையாகும். உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் வெளியான தம் நூலில் பன்யனின் துன்பத்தை நோயுற்ற உள்ளத்திற்குச் சான்றாக ஆராய்ந்துள்ளார். கவலை நோயாக முற்றும்போது மருத்துவ உதவியை நாடுதல் வேண்டும். அதனை நம்பிக்கைக் குறைவாகக் கருதுவதற்குப் பன்யனின் கதையில் இடமில்லை. அவருடைய பயணி துணையின்றி ஆற்றைக் கடக்கவில்லை.

முடிவுரை

கிறித்தவ மரபு கூறும் சமாதானம் கவலையற்ற மனநிலை அன்று. மனநிலைக்கு அப்பாற்பட்ட ஒருவரைச் சார்ந்து நிற்கும் உறவு. இதனாலேயே பவுல் சிறையிலிருந்து அதைப் பற்றி எழுத முடிந்தது. பன்யனும் தம் அச்சங்களை ஒளிக்காமல் எழுத முடிந்தது. இரட்சணிய யாத்திரிகத்தைக் கற்பிக்கும்போது சுமை விழும் காட்சியோடு நிறுத்தாமல், சந்தேகக் கோட்டை வரையும் ஆற்றங்கரை வரையும் மாணவரை அழைத்துச் செல்வது நம் கடமையாகும். அஞ்சிக்கொண்டே நடப்பவரும் பயணியரே என்பதை அப்போதுதான் அவர்கள் உணர்வர்.