ஒருத்திக்கு மட்டுமே உரிய சினம்

சினம் கொண்ட பெண்ணை நாயகியாக்கும் நாவல்கள் ஆங்கில மிகுபுனைவில், அதாவது நடைமுறை உலகின் விதிகளுக்குக் கட்டுப்படாத கற்பனை உலகங்களில் நிகழும் கதைகளில், அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. அவற்றுள் பெரும் எதிர்பார்ப்பை எழுப்பி, பெண்ணிய நோக்குடைய வாசகர் பலரை ஏமாற்றமடையவும் செய்தது, சீன வம்சாவளியைச் சேர்ந்த கனடா எழுத்தாளர் ஷிரான் ஜே ஜாவ் 2021-இல் வெளியிட்ட 'அயர்ன் விடோ' என்னும் இளையோர் நாவல்.

கதை நிகழும் ஹுவாஷியா நாட்டை ஹுன்துன்கள் எனப்படும் அயல் இயந்திர உயிர்கள் ஓயாது தாக்குகின்றன. அவற்றை எதிர்க்கும் பேருருவப் போர் இயந்திரங்களை ஆணும் பெண்ணும் இணைந்தே இயக்க வேண்டும் என்றாலும், புகழ் முழுவதும் ஆணைச் சேர, அவனுடைய மன ஆற்றலுக்கு ஈடுகொடுக்க இயலாத பெண் பெரும்பாலும் போரிலேயே மடிகிறாள். தன் அக்காளைக் கொன்ற வீரனைப் பழிவாங்கவே படையில் சேரும் பதினெட்டு வயது ட்சேதியான், அந்த மன இணைப்பில் அவனை வென்று கொன்றுவிடுகிறாள். உழைப்பையும் உயிரையும் பெண்ணிடமிருந்து பெற்றுக்கொண்டு பெருமையை ஆணுக்கு வழங்கும் ஆணாதிக்க அமைப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கற்பனை அரிது. நாயகியின் சினத்தில் குறை காண எவருக்கும் நியாயம் இல்லை.

குறை, அச்சினம் நாவலில் வேறெந்தப் பெண்ணுக்கும் உரியதாகாமல் போவதில் இருக்கிறது. அக்காள் கதை தொடங்கும் முன்பே இறந்து, பழிக்கான காரணமாக மட்டும் எஞ்சுகிறாள். குடும்பத்தின் மூத்த பெண்கள் அடங்கிப் போனவர்களாகவும் கொடுமைக்குத் துணைபோனவர்களாகவும் வருகிறார்கள். நட்புக் காட்டும் சக பெண் வீராங்கனையும் இறுதியில் துரோகம் இழைக்கிறாள். நாயகிக்கு உள்ளம் திறந்து பேச வாய்த்த துணைவர் இருவரும் ஆண்களே. ஒடுக்கப்படும் பெண்கள் ஒடுக்குவோரின் மதிப்பீடுகளைத் தமதாக்கிக்கொண்டு தம்மைப் போன்றோரையே இழிவாகக் காணும் மனநிலையை அகவயப்பட்ட பெண்வெறுப்பு என்பர். பெண்கள் அனைவருக்காகவும் முழங்கும் ஒருத்தி, தன் அருகில் நிற்கும் பெண்களைக் கோழைகளாக மட்டுமே காணும்போது, நாவல் அந்த மனநிலையை விசாரிக்கிறதா, அதற்கு இரையாகிறதா என்னும் ஐயம் எழுவது இயல்பு. பேத்தி ட்சேதியானின் பாதங்களை வழக்கப்படி முறித்துக் கட்டும் கிழவியும் ஒரு காலத்தில் பாதம் முறிக்கப்பட்ட சிறுமியே என்னும் உண்மையில் இக்கதை சில பக்கங்களேனும் தங்கியிருக்கலாம்.

அவ்வாறு தங்கி எழுத இயலும் என்பதற்கு, அமெரிக்க எழுத்தாளர் என். கே. ஜெமிசின் 2015-இல் தொடங்கிய 'பிரோக்கன் எர்த்' முந்நாவல் வரிசை சான்றாகிறது. அதன் நாயகி எஸ்ஸுன், தன் மகனைக் கணவனே அடித்துக் கொன்றதால் உலகையே எரிக்கும் சினத்துடன் புறப்படுகிறாள். ஆனால் சிறுவயதில் தன் கையை முறித்துப் பாடம் புகட்டிய காவலனின் முறையையே தன் மகளிடமும் கையாண்டவள் அவள். வன்முறை கைமாறி வருவதைக் காட்டியதால் அவளுடைய சினத்தின் நியாயம் குறையவில்லை, அது முதிர்கிறது. ட்சேதியானின் எதிரிகளோ பெரும்பாலும் முழுக் கொடியவர்கள். அவள் செயலை உறுத்தும் கேள்வி ஒன்றும் நெடுநேரம் நிற்பதில்லை.

இங்கு வரலாற்றையும் நினைவுகூர வேண்டியுள்ளது. நாயகிக்குப் பெயர் தந்த வூ ட்சேதியான், 690 முதல் 705 வரை சீனாவைத் தன் பெயரிலேயே ஆண்ட ஒரே பெண் பேரரசர். அவருடைய அரசாணைகளை வரைந்தவர் ஷாங்குவான் வான்அர் என்னும் புலமை மிக்க பெண். வூவை எதிர்த்ததன் விளைவாகக் கொல்லப்பட்ட அமைச்சரின் பேத்தியான அவர், அடிமையாக அரண்மனைக்குள் வளர்ந்து, பாட்டனின் மரணத்துக்குக் காரணமானவரின் நம்பிக்கைக்குரிய செயலாளரானார். பகையும் மதிப்பும் அச்சமும் பின்னிய இத்தகைய உறவு, இரு பெண்களுக்கிடையே, இந்த நாவலில் ஓரிடத்திலும் இல்லை.