அலைச்சறுக்குப் படத்துக்கு எந்த கேமரா?

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்து, நம் நாட்டு ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அதிலிருந்து எங்கள் மதுராந்தகத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும், கேமராவை மாற்ற வேண்டும், பணம் கொடுங்கள் என்கிறார்கள். பணம் போடுகிறவர்கள் நாம். சரக்கு தெரிந்து போட வேண்டாமா?

கையில் இருக்கும் கேனன் 1500டி விநாடிக்கு 3 படம்தான் எடுக்கும். விழாவுக்கு அது போதும். அலைமேல் ஆள் திரும்பும் நொடி அதில் தப்பிவிடும். 2022இல் வந்த ஆர்7 விநாடிக்கு 15 எடுக்கும். ஓடுகிற ஆளைத் தானே தொடர்ந்து ஃபோகஸ் செய்யும். மின்னணு ஷட்டரில் 30 என்பார்கள். வேகமாக நகர்வது அதில் கோணலாக விழும், அந்த எண்ணுக்கு மயங்க வேண்டாம். மெகாபிக்சல் கணக்கும் அப்படித்தான்.

பழைய அரிசிக்கு விலை ஏறும், பழைய கேமராவுக்கு இறங்கும். ஆகவே பழையதை உடனே தள்ளிவிடுங்கள். லென்சை மட்டும் விற்காதீர்கள்; அடாப்டர் போட்டால் புதியதில் பொருந்தும்.

பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். கேமராவுக்கு ஜிஎஸ்டி 2019 ஜனவரியில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. ஸ்டூடியோ காம்போசிஷனில் இல்லாமல் பதிவு பெற்றிருந்தால் அந்த 18ஐ உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். பில் இல்லையென்றால் அதுவும் இல்லை, வாரண்டியும் இல்லை. வேகமான மெமரி கார்டுக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். சாதாரணக் கார்டு போட்டால் சில விநாடியில் கேமரா திணறி நின்றுவிடும்.