கூகுளில் நம்ம கடை தெரிய வேண்டுமா?

தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் பார்க்க எல்லப் பக்கம் வருகிறவர்கள் அறையையும் தேயிலைக் கடையையும் கூகுளில் தேடுகிறார்கள். இணையத்தளம் திறந்தும் ஆள் வரவில்லையே என்று நம் பிள்ளைகள் கவலைப்படுகிறார்கள். நாங்கள் சொல்வது இதுதான்: வெறும் படம் போதாது. வருகிறவர் தேடும் சொற்களிலேயே, "எல்ல அருகே அறை", "நமுனுகுல தேயிலை" என்று தலைப்பு வையுங்கள். ஆங்கிலத்திலும் எழுதுங்கள். விலை, வழி, போன் நம்பர் தெளிவாக இருக்கட்டும். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிய ஒரு சதமும் வேண்டாம். வந்து போனவர்களை உண்மையான கருத்து எழுதச் சொல்லுங்கள். பலன் தெரிய மாதக்கணக்காகும்.

"முதலிடம் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது காசு கேட்டால் நகையை அடகு வைத்துக் கொடுத்துவிடாதீங்க. அந்த உத்தரவாதம் யாராலும் தர முடியாதென்று கூகுளே சொல்கிறது.